சியர்லீடிங் போட்டிக்கு அப்படி என்ன திறமையும் உழைப்பும் தேவை? மகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ஐபிஎல் மைதானத்து ஓரத்தில் பவுண்டரிக்கு ஆடுகிறவர்களை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். போட்டிச் சியர்லீடிங்கில் யாரையும் உற்சாகப்படுத்த ஆடுவதில்லை. ஆடுகிறவர்களே போட்டியாளர்கள், நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். டெக்சாஸில் என் மகள் ஓர் ஆல்ஸ்டார் குழுவில், அதாவது பள்ளி சாராமல் போட்டிக்கென்றே தனிப் பயிற்சிக்கூடம் நடத்தும் குழுவில், பேஸ்; கீழே நின்று தூக்குபவள். பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

54 அடிக்கு 42 அடி விரிப்பு, அதிகபட்சம் இரண்டரை நிமிடம். அதற்குள் ஆளைத் தூக்கும் ஸ்டண்ட், பிரமிட், மேலே எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸ், குட்டிக்கரண வகைகள், ஜம்ப், நடனம் எல்லாம் முடிய வேண்டும். மூச்சு வாங்கினாலும் முகத்தில் தெரியக்கூடாது.

கைதட்டல் மேலே நிற்கும் ஃபிளையருக்குப் போகும். என்னை வியக்க வைப்பவர்கள் கீழே இருப்பவர்கள்தான். ஒரு ஸ்டண்டில் பெரும்பாலும் இரண்டு பேஸ், பின்னால் ஒரு பேக் ஸ்பாட். தூக்குகிற பலம் கையைவிடக் காலில்தான் இருக்கிறது. மூவரும் ஒன்று, இரண்டு என்று எண்ணும் தாளத்தில் ஒரே எண்ணில் முழங்காலை மடக்கி, ஒரே எண்ணில் நிமிர வேண்டும்; ஒருத்தி அரை எண் முந்தினாலும் மேலே இருப்பவளின் பாதம் சாய்ந்துவிடும். அவள் விழுந்தால் தலையையும் தோளையும் காப்பது பேக் ஸ்பாட்டின் பொறுப்பு. பேஸுக்கு முதல் பாடம், ஃபிளையரை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது. அவள் சரிந்தால் விலகாமல் அடியில் போய் நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே ஒரு முழங்கை வரும்போது பின்வாங்காமல் முன்னே போவது மனித இயல்பே இல்லை. மாதக்கணக்கில் பழகித்தான் அது உடம்பில் ஏறுகிறது.

ஃபிளையர் ஒல்லியாக இருந்தால் போதும் என்பதும் தவறு. உடம்பை இறுக்கிப் பிடிக்கத் தெரியாவிட்டால் சின்னப் பெண்கூடக் கனப்பாள். ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலைத் தலைக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்கார்பியனைத் தரையில் அசையாமல் செய்த பிறகுதான் மேலே ஏற்றுவார்கள்.

அப்புறம், நேரம். அமெரிக்கக் கோடையில் தொடங்கினால், பெரிய குழுக்களுக்கு அடுத்த ஏப்ரல் இறுதியில் ஆர்லாண்டோவில் நடக்கும் உலகப் போட்டி வரை ஓய்வு குறைவு. ஒருத்தி வராவிட்டால் மற்ற மூவரும் அன்று அந்த ஸ்டண்டைச் செய்ய முடியாது. அதனால் பிறந்தநாள், தீபாவளி விருந்து எல்லாம் பயிற்சிக்குப் பின்னால்தான். எங்கள் வீட்டில் இதில் சண்டைகூட வந்திருக்கிறது.

இதை விளையாட்டு என்று ஏற்பதிலும் இழுபறி இருந்தது. கனெக்டிகட்டில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டுச் சியர் அணியைப் பெண்கள் விளையாட்டு அணியாகக் கணக்குக் காட்ட முயன்றபோது, 2010இல் கூட்டரசு நீதிபதி மறுத்துவிட்டார். போட்டி அமைப்பு அப்போது இன்னும் ஒழுங்காக வளரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். வாலிபால் பெண்களின் இடத்தைப் பறித்து இதை வளர்க்க வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சியர்லீடிங்கின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது.

சேர்க்கும் முன் பயிற்சிக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பாருங்கள். ஆல்ஸ்டாரில் எளியதிலிருந்து கடினமானது வரை லெவல் 1 முதல் 7 வரை உண்டு. பின்பக்கமாகத் தாவிக் கையூன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கே சுத்தமாக வராத பிள்ளையை கை ஊன்றாமல் அந்தரத்தில் புரளும் டக் செய்யச் சொன்னால், அல்லது கீழே பிடிக்க ஆள் நிற்காமல் ஏற்றினால், அந்த இடம் வேண்டாம். கோப்பைகள் எத்தனை அடுக்கியிருந்தாலும் சரி.