வானம் ஒத்துழைக்காத நாளில் எதைப் படம் எடுப்பது? வன்னியிலிருந்து கேள்வி பதில்

கேள்வி (பரந்தன்): அண்ணா, மூன்று சனிக்கிழமை விடிய நாலரைக்கு எழும்பி இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனேன். மூன்று நாளும் ஒரே சாம்பல் வானம், சூரியன் வந்ததே தெரியவில்லை. கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதுதானா?

பதில்: திரும்ப வேண்டாம் தம்பி. வானத்தைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள், அதுதான் முதல் வேலை. மூடிய மேகத்தில் அழுத்தமான நிழல் விழாது, வெயிலில் வெளிறிப்போகிற நிறமெல்லாம் அப்போதுதான் எழும்பி நிற்கும். கட்டுக்குக் கீழே இறங்கி ஒரு மருத மரத்தின் பட்டையைக் கிட்ட நின்று பாருங்கள், சாம்பல் தோல் உரிந்த இடத்தில் வெளிர் ரோசா தெரியும், அது மழையில் நனைந்திருந்தால் இன்னும் அழகு. போலரைஸர் ஃபில்டர் இருந்தால் மெல்லத் திருகுங்கள், ஈர இலையின் மினுக்கம் போய்ப் பச்சை ஆழமாகும். முகில் நாளில் ஃபில்டர் தேவையில்லை என்று பலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

கேள்வி (மாங்குளம்): எங்கள் குளம் ஆவணியில் வற்றிவிட்டது. தண்ணீர் இல்லாத குளத்தில் எடுக்க என்ன இருக்கிறது?

பதில்: நீர் வடிந்த அலைகரை இருக்கிறதே! எனக்கு நிறைந்த குளத்தைவிட வற்றிய குளம்தான் பிடிக்கும், ஏனென்றால் போன மாரியிலிருந்து அங்கே யார் யார் வந்து போனார்கள் என்பது முழுக்கச் சேற்றில் எழுதியிருக்கும். மண் பாளம் பாளமாக வெடித்து ஓரங்கள் அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருக்கும், ஒரு பாளத்தில் எருமையின் குளம்பு ஆழப் பதிந்திருக்கும், அதற்குப் பக்கத்தில் கொக்கின் விரல் தடம், வெடிப்புக்குள் வெள்ளையாய் ஒரு ஊரி, அதாவது நத்தைக் கூடு. ஒருமுறை ஒரே ஒரு குளம்படிக்குள் மட்டும் கொஞ்ச ஈரம் மிஞ்சி, அதில் ஒரு முளைப் புல் நின்றது, அன்று காலை முழுவதும் நான் வேறு எதையும் எடுக்கவில்லை.

இதற்கு நேரம் முக்கியம். காலை ஆறேகாலிலிருந்து ஏழு மணி வரை, வெயில் பக்கவாட்டில் படுத்து வரும்போது போங்கள். முழங்காலிட்டு, கமராவை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, லென்ஸ் திறப்பு எஃப் 11 அளவில், கிட்டவிருக்கிற பாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் செய்யுங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெடிப்பின் நிழல் குறுகத் தொடங்கும், படமும் தட்டையாகும். தனியாகப் போனால் நீர் மிஞ்சிய குழிகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், முதலை அங்கேதான் ஒதுங்கும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அண்ணா, நான் ஆசிரியை, ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் எனக்கு ஓய்வு. உச்சி வெயிலில் ஏதாவது தேறுமா?

பதில்: தேறும் தங்கச்சி. கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலாங்கில் இருப்பதால் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், பனைமரத்தின் வட்டு நிழல் அடிமரத்தைச் சுற்றியே விழும். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். தெளிந்த வாய்க்கால் இருந்தால் இன்னும் நல்லது, மேலிருந்து விழும் வெயில் மணலில் வலைக் கண் மாதிரி ஒளிக்கோடு போடும். ஆனையிறவில் உப்புக் குவியலைக் கண்டால் கமரா அதைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள்.

கேள்வி (பூநகரி): சோளகக் காற்றில் ஒன்றும் அசையாமல் நிற்பதில்லை. எல்லாப் படமும் கலங்கல்.

பதில்: அப்போ காற்றையே எடுங்கள். ட்ரைபொட்டை நன்றாக ஊன்றி, அதன் நடுவில் பையைக் கொளுவிப் பாரம் கொடுத்து, ஷட்டரை அரை செக்கன் திறந்து விடுங்கள், பனையின் அடிமரம் உறுதியாக நிற்க ஓலைகள் மட்டும் புகை மாதிரி இழுபடும். முழு வெயிலில் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, திறப்பு எஃப் 16 வைத்தாலும் செக்கனில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும், ஆகவே வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும். இல்லாவிட்டால் பொழுது பட்ட பிறகு எடுங்கள். புழுதிக்குள் லென்ஸ் மட்டும் மாற்ற வேண்டாம்.

கேள்வி (முல்லைத்தீவு): போன் மட்டும்தான் இருக்கிறது, மழையும் விடுவதாக இல்லை.

பதில்: தாழ்வாரத்தில் நில்லுங்கள். கிடுகு நுனியில் தொங்கும் துளிக்குள் முற்றம் தலைகீழாகத் தெரியும், போன் திரையில் அந்தத் துளியை விரலால் தொட்டு ஃபோகஸ் பூட்டுங்கள்.

கேள்வி (வவுனியா): இயற்கை கைகொடுக்காத நாட்களில் இடிந்த வீடுகளை எடுக்கலாமா?

பதில்: கூரை இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய வீடு, அந்த நினைப்போடு போங்கள். அயலில் யாரையாவது கேளுங்கள், கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்டால் அந்தப் பக்கமே போகக் கூடாது, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் படத்துக்காக இறங்க வேண்டாம். நான் ஒருமுறை வளவுக்காரரான ஒரு அம்மாவைக் கேட்டபோது அவர் சுவரை எடுக்க விடவில்லை, கிணற்றடியைக் காட்டினார். கட்டு வெடித்த கிணறு, அதைப் பிடித்தபடி ஒரு முருங்கை, கீழே பூ உதிர்ந்து கிடந்தது. எடுத்த படத்தை அச்செடுத்து அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, முருங்கை வைத்தது தன் மாமியார் என்றார்.