யாரை எந்த வார்டுக்கு அனுப்புவது?

மதிப்பிற்குரிய மேடம்,

பெங்களூரில் ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் மருத்துவமனைப் பயிற்றுநராக இருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி. மூன்றாம் ஆண்டு மாணவிகள் பத்துப் பேர் என் பொறுப்பு. அவர்களில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்குக் கன்னடம் வராது. கைவேலை சுத்தம், ஆனால் மெதுவாகச் செய்வாள், வாயே திறக்கமாட்டாள். வார்டு பொறுப்பு சிஸ்டர், "இவளை ஐசியுவுக்கு அனுப்பாதீர்கள், ஓபியில் போடுங்கள்" என்கிறார். இன்னொருத்தி நான்கு மொழி பேசுவாள், துருதுருவென்று இருப்பாள், எல்லோருக்கும் செல்லம். என்ன, அவள் எழுதும் சார்ட்டில் எல்லா நோயாளிக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20. அக மதிப்பெண்ணை யாருக்கும் குறைக்க வேண்டாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். இந்த இருவருக்கும் எப்படி மதிப்பெண் போடுவது, யாரை எங்கே அனுப்புவது?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

நீங்கள் முதல் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை இரண்டாமவளைப் பற்றி.

வார்டில் அதிகம் ஏமாற்றப்படும் வேலை மூச்சை எண்ணுவதுதான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு; பொது வார்டில் மூச்சுக்குக் கடிகாரமும் பொறுமையும் மட்டுமே. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளி அறியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். ஒழுங்கில்லாமல் இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால், 20 என்று எழுதிவைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் உடல்நிலை சரியத் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் மூச்சின் வேகமும் ஒன்று. எண்ணாமல் எழுதுகிறவள், மெதுவாகச் செய்கிறவளைவிட ஆபத்தானவள்.

அப்படிப்பட்டவள் எப்படி நல்ல மதிப்பெண் வாங்குகிறாள்? ஊசி போடுவதற்கு உங்கள் கல்லூரியிலும் ஒரு செக்லிஸ்ட் இருக்கும். ட்ரே அடுக்கினால் ஒரு மதிப்பெண், திரையை இழுத்துவிட்டால் ஒன்று, கை கழுவினால் ஒன்று. நோயாளியின் பெயரைக் கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிட்டாலும் அதே ஒன்றுதான். பெயர் கேட்பதை மட்டும் விட்டவளுக்கு இருபதுக்குப் பத்தொன்பது கிடைக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் மருந்தை இவருக்கு ஏற்றிவிடக்கூடியவள் வகுப்பில் முதலிடம்! சரியான நோயாளி, மருந்து, அளவு, மருந்து கொடுக்கும் வழி, நேரம், கை கழுவுதல், பார்த்ததை மட்டும் பதிவது ஆகியவற்றைக் கூட்டலுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைய செயல்முறை தேறவில்லை, மறுபடி செய்ய வேண்டும். ட்ரே எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் சரி.

ஆஸ்கி (OSCE) இருக்கிறதே என்பீர்கள்; மாணவர்கள் நிலையம் நிலையமாகப் போய் வேலையைச் செய்துகாட்டும் தேர்வு. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய முறை. நம் இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நிலையம், ஒரே வேலை, ஒரே செக்லிஸ்ட் என்பதால் முகம் பார்த்து மதிப்பெண் போடுவது குறைகிறது. நல்ல முறைதான். ஆனால் தேர்வறையில் எல்லோரும் கை கழுவுவார்கள். ஜார்ஜ் மில்லர் 1990-இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: விஷயம் தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்துகாட்டத் தெரியும், அன்றாட வேலையில் செய்கிறாள். ஆஸ்கி மூன்றாம் படியில் நின்றுவிடுகிறது. நான்காவதை வார்டில்தான் பார்க்க முடியும். அதுவும் நீங்கள் பார்ப்பது அவளுக்குத் தெரியாதபோது.

ஒரே காலை ஷிப்டில் பத்துப் பேரையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் ஒருத்தியையும் பார்க்கமாட்டீர்கள். நாளுக்கு இருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை முழுதாகக் கவனித்து, கண்டதை அன்றே தேதியிட்டு இரண்டு வரி எழுதுங்கள். "சுறுசுறுப்பானவள்" என்று எழுதாதீர்கள். "கதீட்டர் பை தரையில் கிடந்ததைத் தானே கவனித்துத் தூக்கி மாட்டினாள்" என்று எழுதுங்கள். அதை அன்றைக்கே, நோயாளியின் காதில் விழாத இடத்தில், அவளிடம் சொல்லிவிடுங்கள். போஸ்டிங் முடிந்த பிறகு மொத்தமாகச் சொன்னால் அவள் எதைத் திருத்திக்கொள்வாள்?

வார்டு சிஸ்டரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் எதை வைத்துச் சொல்கிறார் என்றும் பாருங்கள். ஆள் பற்றாத வார்டில் மாணவி இரண்டு கூடுதல் கைகள். லேபுக்கு ரத்த மாதிரி கொண்டு ஓடுகிறவளும் பார்மஸியில் மருந்து வாங்கி வருகிறவளும் அங்கே நல்ல பிள்ளைகள். அவர்கள் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் வாயில்லாப் பூச்சி. அவள் பேசாதவளா, கன்னடத்தில் பேச முடியாதவளா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் அதற்குச் சிரமப்பட வேண்டியதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து படுத்திருக்கும் யாராவது ஒருவர் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இருப்பார். அவருக்கு டிரெஸ்ஸிங் செய்யச் சொல்லி, தள்ளி நின்று கேளுங்கள். தன் பெயரைச் சொல்கிறாளா, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிச் சம்மதம் கேட்கிறாளா, வலிக்கிறதா என்று நடுவில் கேட்கிறாளா? கேட்டால், அவளுக்கு வேண்டியது "நோவு எல்லிதெ" (வலி எங்கே இருக்கிறது) மாதிரி கொஞ்சம் வார்டுக் கன்னடம். கூடப் படிக்கும் கன்னடப் பெண் ஒருத்தியை இணையாகப் போட்டால் தானாக வந்துவிடும். தமிழிலும் வாய் திறக்கவில்லை என்றால் அது வேறு. அதைக் குறையென்று எழுதித்தான் ஆக வேண்டும். இதை மனநலப் போஸ்டிங் வருமுன் முடித்துவிடுங்கள். அங்கே பேச்சுதான் வேலை. மொழியில்லாமல் அங்கே போய் நிற்பது அவளுக்கும் தண்டனை, நோயாளிக்கும் தண்டனை.

ஐசியு கேள்விக்கு வருகிறேன். கெட்டிக்காரிக்கு ஐசியு, மந்தமானவளுக்கு ஓபி என்று பிரிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஓபியில் வரிசையை ஒழுங்குபடுத்தியும் சீட்டு எடுத்துக் கொடுத்துமே நாள் போனவள், நான்காம் ஆண்டிலும் மந்தமாகத்தான் இருப்பாள். பார்த்தீர்களா, அப்போதே சொன்னேனே என்பார்கள். தவிர, பட்டம் கையில் கிடைக்குமுன் எல்லா மருத்துவமனைப் பயிற்சியிலும் நூறு சதவீத வருகை வேண்டும் என்பது கவுன்சில் விதி. ஐசியு நேரத்தையும் அவள் முடித்தாக வேண்டும். இறுதி செமஸ்டரின் 22 வார இன்டர்ன்ஷிப்பில்தான் அவள் முதன்முதலாக வென்டிலேட்டரைப் பார்க்க வேண்டுமா? இப்போதே அனுப்புங்கள். ஒரே நோயாளியைக் கொடுங்கள், நிதானமான ஸ்டாப் நர்ஸ் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். மெதுவாகவும் சுத்தமாகவும் செய்கிற கைக்கு ஐசியுவில் வேலை உண்டு. வேகம் பழகப் பழக வரும்.

துருதுரு பெண்ணை இப்போதைக்கு ஐசியுவுக்கு அனுப்பாமல் நிறுத்திவையுங்கள். பொது வார்டில் ஒரு வாரம், நீங்களும் அவளும் ஒரே நோயாளியின் மூச்சை ஒரே நேரத்தில் எண்ணித் தனித்தனியே எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். ஏன் எண்ணாமல் எழுதினாய் என்று அதட்டாமல் கேளுங்கள். யாரோ சீனியர் சொல்லிக்கொடுத்திருக்கலாம். இரண்டும் ஒத்துவரத் தொடங்கிய பிறகு அவளும் ஐசியுவுக்குப் போகட்டும்.

கல்லூரி மதிப்பெண்ணைக் குறைக்க விடவில்லை என்றீர்கள். மாணவியைத் தோல்வியடையச் செய்யத் தயங்கும் பயிற்றுநர்களைப் பற்றிக் கேத்லீன் டஃபி 2003-இல் ஸ்காட்லாந்தில் ஆய்வே செய்திருக்கிறார். ஆகவே இது உங்கள் கல்லூரியின் தனிச்சொத்து அல்ல. முதல்வரிடம் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் வாதம்தான் வரும். தேதியிட்ட குறிப்புகளையும், எல்லா நோயாளிக்கும் 20 என்று எழுதிய அந்தச் சார்ட்டுகளின் நகலையும் அவர் மேசையில் வையுங்கள். உங்கள் எழுத்தில் ஒரு பிரதியைக் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.