சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போன்ற பெரிய தீம் பார்க்கில் வழி தவறாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மன்னார்குடியிலிருந்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம், அந்தப் பார்க் இருக்கும் செந்தோசா தீவில் ஒரு நாள்தான் இருக்கிறது, உள்ளே எப்படிச் சுற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருவாரூர்க்காரன். அண்ணன் அங்கே வேலையில் இருப்பதால், ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பார்க்குக்குப் போன அனுபவம் உண்டு.

முதலில் பயத்தை விடுங்கள். மொத்த இடமே சுமார் 49 ஏக்கர்தான். நம் கணக்கில் ஏழு வேலிக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றிப் பகுதிகள். அவ்வளவுதான் அமைப்பு. எங்கள் ஊர் கமலாலயக் குளத்தைச் சுற்றி வருகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள். வாசலில் ஹாலிவுட், அடுத்து நியூயார்க், சைஃபை சிட்டி, ஏன்ஷியன்ட் ஈஜிப்ட், லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்ட், மறுபடியும் ஹாலிவுட். இந்த வரிசையைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், ரயிலில் போகும்போதே ஒப்பித்துவிடுவார்கள். தம்பி வீட்டில் பழைய வரைபடம் இருந்தால் அதில் மடகாஸ்கர் என்று இருக்கும். அந்த இடத்தில்தான் 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்தார்கள்.

அடையாளத்துக்கு இரண்டு போதும். ஃபார் ஃபார் அவேயில் நிற்கும் ஷ்ரெக் கோட்டை ஒன்று, சைஃபை சிட்டிக்கு மேலே வளைந்து வளைந்து போகும் சிவப்பு, நீல ரோலர் கோஸ்டர் தண்டவாளங்கள் இன்னொன்று. இவை ஏரியின் வெவ்வேறு கரைகளில் இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்து, எது பக்கத்தில் இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே எந்தக் கரையில் நிற்கிறோம் என்று புரிந்துவிடும். செல்போன் வரைபடத்தைவிட இதைத்தான் நான் நம்புவேன். காரணம், பெரிய ரைடுகளில் பை, செல்போன் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட நேரம் வரை லாக்கர் இலவசம், தாண்டினால் காசு. ஆக, குடும்பத்தில் பாதிப் பேர் கையில் போன் இல்லாத நேரம் அடிக்கடி வரும். ஊரிலிருந்து வருகிற பெரியவர்களிடம் அங்கே வேலை செய்கிற சிம்மும் இருக்காது.

ஒருமுறை எங்கள் அத்தை கழிவறைக்குப் போய்விட்டு வேறு வழியாக வெளியே வந்துவிட்டார். போன் என் பையில். இங்கிலீஷும் தெரியாது. காலையிலேயே நியூயார்க் பக்கம் தண்ணீர் ஓரமாக ஒரு பெஞ்சைக் காட்டி, "யார் பிரிஞ்சாலும் இங்கதான் வரணும்" என்று சொல்லி வைத்திருந்தோம். நாங்கள் பதறிப்போய் அங்கே ஓடினால், அத்தை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கொளத்தை விடாம ஒட்டிக்கிட்டே வந்தேன். இதுல என்னடா இருக்கு?" என்றார். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஓர் இடத்தை, உள்ளே நுழைந்த கையோடு, நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். வாசலுக்கு வெளியே சுழலும் உருண்டையைச் சந்திக்கும் இடமாக வைக்காதீர்கள், அங்கே படம் எடுக்க எப்போதும் கூட்டம் மொய்க்கும்.

எதை முதலில் பார்ப்பது என்பதை வானம் தீர்மானிக்கட்டும். சிங்கப்பூரில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை சாதாரணம். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் கதவு திறந்ததும் நேராக அந்தச் சிவப்பு, நீலத் தண்டவாளத்துக்குப் போய்விடுங்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்று பெயர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி என்ற ரைடுகள் கட்டடத்துக்குள் நடப்பவை, மழை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லாஸ்ட் வேர்ல்டில் ஜுராசிக் பார்க் படகில் ஏறினால் தொப்பலாக நனைவீர்கள், மாற்றுத்துணி இல்லாமல் ஏறாதீர்கள். அதே பகுதியில் வாட்டர்வேர்ல்ட் என்று ஒரு சாகசக் காட்சி, அவசியம் பாருங்கள். அது முடிகிற நேரத்தில் அந்தப் பாதையில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். பேட்டில்ஸ்டாருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, அளவுகோலுக்கு ஒரு விரல்கடை குறைந்து திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. சின்னவனுக்கு உயரம் போதவில்லை என்றால் ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். ஒருவர் பிள்ளையோடு இருக்க, மற்றவர் போய்வந்ததும், மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ள விடுவார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் தயங்காமல் வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். "எனக்கெதுக்கு" என்றுதான் சொல்வார். எடுத்தே தீருங்கள். தரை சீராக இருக்கிறது, பேரன் பேத்திகளே தள்ளிக்கொண்டு போவார்கள்.

போகும் வழி எளிது. எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் ஹார்பர்ஃப்ரன்ட் ஸ்டேஷன், அங்கிருந்து விவோசிட்டி மாலின் மூன்றாவது தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்க வேண்டும். போகும்போது மட்டும்தான் காசு, திரும்ப இலவசம். சாயங்காலம் பார்க் மூடுவதற்கு அரை மணி முன்னாலேயே கிளம்பிவிட்டால், அம்மாவுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்.