வாசகர் கேள்வி பதில்: அயர்லாந்துப் பிறவுண் பாண்

கேள்வி: 500 கிராம் ஆட்டா மா, 2 தேக்கரண்டி அப்பச்சோடா, மோர் சேர்த்து அயர்லாந்துப் பிறவுண் பாண் செய்தேன். நடு களியாக இருந்தது, சவர்க்காரச் சுவையும் அடித்தது. ஏன்?
- வாசகி, சுன்னாகம்

பதில்: சவர்க்காரச் சுவைக்குக் காரணம் சோடா. 500 கிராம் மாவுக்கு மட்டமாக வழித்த 1 தேக்கரண்டி போதும். இந்தப் பாணுக்கு ஈஸ்ட் இல்லை. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கிளம்பும் வாயுதான் அதைப் பொங்க வைக்கிறது. எங்கள் வீடுகளில் குடிக்கிற தண்ணி மோரில் அந்தப் புளிப்புப் போதாது, மிஞ்சிய சோடா அப்படியே நின்றுவிடும். நன்றாகப் புளித்த மாட்டுத்தயிர் 300 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் அடித்து ஊற்றுங்கள். தயிர் இல்லையென்றால் 400 மில்லிலீற்றர் பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டு 10 நிமிடம் வையுங்கள்.

ஆட்டா மா மிக நைசாக அரைபட்டது. அயர்லாந்தில் போடுவது கரகரப்பான மா. ஆட்டா மட்டும் போட்டால் பாண் இறுகிவிடும், ஆகவே பாதி ஆட்டா, பாதி வெள்ளைக் கோதுமை மா எடுங்கள். தவிடு கிடைத்தால் ஒரு பிடி சேருங்கள், சுவையே மாறும். 1 தேக்கரண்டி உப்பு.

றொட்டிக்குப் போலப் பிசையவே வேண்டாம்! கையால் கிளறி, ஒன்றுசேர்ந்ததும் உருட்டி, சிலுவையாக ஆழக் கீறி, உடனே 200 பாகை செல்சியசில் முன்பே சூடாக்கிய அவணில் 45 நிமிடம் வையுங்கள். காத்திருந்தால் வாயு போய்விடும். கீறாவிட்டால் நடு வேகாது. அடியைத் தட்டும்போது வெற்றுப் பெட்டிச் சத்தம் வரவேண்டும்.

கேள்வி: மேலோடு கல்லாகிறதே?
- வாசகர், நல்லூர்

பதில்: சூட்டோடு சுத்தமான துணியில் சுற்றுங்கள். இரண்டாம் நாள் வாட்டி, பட்டர் பூசிச் சாப்பிடுங்கள்.