அலுமினியம் கடைசியில், ஃபில்டர் முதலில்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். 26 சிசி பெட்ரோல் இன்ஜின் வைத்த 1/5 ஸ்கேல் ரிமோட் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் ஓட்டுகிறேன். இரண்டு மாதத்தில் முன்பக்க ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் நைலான் கை) இரண்டு முறை உடைந்துவிட்டது. இப்போது இழுவையும் குறைந்திருக்கிறது. முழு அலுமினிய செட் போடலாமா, இல்லை 30 சிசி இன்ஜினுக்கு மாறலாமா சார்?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். ஆர்ம் உடைந்ததைவிட, போகிற போக்கில் நீங்கள் சொன்ன இழுவைக் குறைவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பாலாற்று மணல் கருங்கல் தேய்ந்து வந்தது. உப்புத்தாள் மாதிரி அறுக்கும். ஏர் ஃபில்டர் வழியாக அது கொஞ்சம் உள்ளே போனாலும் பிஸ்டன் காலி. கார்பரேட்டரைக் கழற்றி, அதன் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் மணல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இன்ஜினில் கார்பரேட்டர் மாட்டியிருந்த துளை வழியாகப் பிஸ்டனையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பரேட்டர் பக்கம் மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் பெரும்பாலும் மணல் செய்த வேலை. மஃப்ளர் (சைலன்ஸர்) பக்கம் கீறல் என்றால் ஆயில் போதவில்லை அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. 25க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். கண் மதிப்பில் ஊற்றாதீர்கள்.

ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு ஞாயிறும் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். உட்காரும் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மேலே பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றை இழுத்து மாட்டினால் பெரிய தூசி அங்கேயே நின்றுவிடும். ஐம்பது ரூபாய்கூட ஆகாத அப்கிரேடு இது.

இன்னொன்று, பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கார்பரேட்டர் டயாஃப்ரமையும் கெடுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

சரி, ஆர்முக்கு வருவோம். அலுமினிய ஆர்ம் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் பத்துக் கிலோ வண்டி பாறையில் மோதும்போது நைலான் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அந்த அடி ஹப்புக்கும் கியர்பாக்ஸ் கேஸுக்கும் போகும். சில நூறு ரூபாய் ஆர்முக்குப் பதில் சில ஆயிரம் போகும். ஆர்ம் ஃபியூஸ் மாதிரி. உடைய வேண்டியது அதுதான்.

ஆனாலும் இரண்டு மாதத்தில் இரண்டு முறை என்பது அதிகம். நைலானுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காய்ந்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது ஆர்மைத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு மாட்டுங்கள். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், வீட்டில் சண்டை வரும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாக் காலியானால் ஒவ்வொரு குதிப்பிலும் அடி நேரே ஆர்மில்தான் விழும்.

உலோகம் போட்டே தீர வேண்டும் என்றால் இன்ஜின் மவுன்ட், சர்வோ ஹார்ன் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரின் கை) இரண்டுக்கும் போடுங்கள். அங்கே அசைவே கூடாது. சக்கரத்தில் விழும் அடி சர்வோவுக்குப் போகாமல் தாங்கும் ஸ்பிரிங்கான சர்வோ சேவரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உலோகத்தில் உலோகம் ஏறும் ஸ்குரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் ஏறுவதற்கு வேண்டாம். பேரிங்குகளில் பல சாதாரண அளவுதான், பேரிங் மேலே உள்ள நம்பரைக் காட்டினால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். ரப்பர் சீல் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

30 சிசி இன்ஜின் போட்டால் கிளட்ச், டிரைவ்ஷாஃப்ட் என்று வரிசையாகச் செலவு வைக்கும். அதற்கு முன் ஃபெயில்சேஃப் (ரிமோட் சிக்னல் போனால் வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) வேலை செய்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி ரிமோட்டை அணையுங்கள். வேகம் உடனே இறங்கி பிரேக் பிடிக்க வேண்டும். ஆற்றில் மாடும் மேயும், பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடுவார்கள். வேகம் இறங்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிஸ்டனைப் பார்த்ததும் எந்தப் பக்கம் கீறல் என்று எழுதுங்கள்; அதற்கு மேல் என்ன வாங்குவது என்று அப்புறம் பேசலாம்.