சயாவக் கேளுங்க: சாகறதுக்குள்ள என்ன சாதிக்கணும்?

போன இதழ்ல உங்க சயா, பர்மா பாஷையில வாத்தியார், நானா ஒரு கேள்வி போட்டிருந்தேன், எப்பவும் நீங்க கேப்பீங்க நான் சொல்லுவேன், இந்தத் தடவ தலைகீழா இருக்கட்டுமேன்னு, "சாகறதுக்குள்ள என்ன சாதிக்கணும்னு நினைக்கிறீங்க"ன்னு. நாலு பேர் எழுதினா ஜாஸ்தின்னு இருந்தேன். லெட்டர் வந்துச்சு, வைபர்ல வந்துச்சு, ஒரு அம்மா ஏழு நிமிஷம் வாய்ஸ் அனுப்பி அதுல மூணு நிமிஷம் சேவல்தான் கூவுது. பாதிப் பேர் "பிள்ளைங்க நல்லா இருக்கணும்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, அது சாமிகிட்ட கேக்கறது, லட்சியத்துல சேராது, அதெல்லாம் ஓரமா வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. மிச்சத்தப் படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு பட்டுச்சு. நம்ம பர்மாத் தமிழ் ஆளுங்க லட்சியம்னு சொல்றதுல பாதி, நம்ம தாத்தா பாட்டி கையவிட்டுப் போனதாத்தான் இருக்கு. வீடு, கடை, சொந்த ஊரு, குடியுரிமைப் பேப்பரு, தமிழ்ப் படிப்பு. நாமளா புதுசா ஆசைப்பட்டது கம்மி. சரி, விஷயத்துக்கு வருவோம், நான் கேள்வி கேட்டாலும் நீங்க பதிலுக்குக் கேள்விதான் அனுப்பியிருக்கீங்க.

"சயா, யூடியூப்ல ஒருத்தர் மாஸ்லோ பிரமிடுன்னு காட்டி, சாப்பாடு, பாதுகாப்பு, பாசம், மரியாதை எல்லாம் கிடைச்சப்புறம் உச்சியில போய் தன்னோட முழுத் திறமையையும் வெளிக்கொண்டு வர்றதுதான் மனுஷனோட கடைசி லட்சியம்னு சொல்றாரு. எங்க வீட்ல கரண்டே ஒழுங்கா வரல, நாங்க எப்ப உச்சிக்குப் போறது?" (காலேஜ் மாணவி, ரங்கூன்)

மாஸ்லோ அமெரிக்காக்காரர், 1943ல இதப் பத்தி கட்டுரை எழுதினாரு, ஆனா அந்த பிரமிடு படம் அவர் போட்டது கிடையாதும்மா, பின்னாடி மேனேஜ்மென்ட் ஆளுங்க வரைஞ்சது. ஒரு தேவை நூத்துக்கு நூறு நிறைஞ்சாத்தான் அடுத்தது வரும்னும் அவர் சொல்லல, கொஞ்சம் கொஞ்சமா எல்லாமே கூடவே ஓடும்னுதான் எழுதியிருக்காரு. படம் போட்டதும் அது மாடிப்படி மாதிரி ஆயிருச்சு.

எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்குடுத்தவர் அரிசி மில்லுல மூட்டைக் கணக்கு எழுதினவரு. 1960கள்ல பள்ளிக்கூடத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் தமிழ் கோயில் மண்டபத்துக்குள்ள போயிருச்சு, இவரு ஞாயித்துக்கிழமை காலையில வந்து உக்காருவாரு, நாங்க பதினஞ்சு பேரு, சிலேட்டு ஆறு. மத்தியானம் அவர் சாப்பிட்டத நான் பாத்ததே இல்ல, டீயில பிஸ்கட்ட நனைச்சுச் சாப்பிட்டுட்டு "அடுத்து ழ"ன்னுவாரு. அவரு பிரமிடுல எந்தப் படியில நின்னு சொல்லிக்குடுத்தாருன்னு அந்த யூடியூப்காரரக் கேளு.

ஆராய்ச்சிதான் வேணும்னா இன்னொண்ணு இருக்கு, ஹார்வர்டுல 1938ல 268 மாணவங்கள எடுத்து, அப்புறம் பாஸ்டன் ஏழைப் பகுதிப் பையங்க 456 பேரையும் சேத்து, சாகற வரைக்கும் பின்தொடர்ந்துக்கிட்டே வந்திருக்காங்க. மனுஷங்களோட நெருக்கமா இருந்தவங்கதான் வயசான காலத்துல உடம்பும் மனசும் நல்லா இருந்தாங்களாம், பணமும் பேரும் அந்த அளவுக்குக் கைகொடுக்கல. இத எங்க பாட்டியும் சொல்லிருக்கும். ஆனா பாட்டி எண்பது வருஷம் நோட்டுப் போட்டுக் கணக்கெடுக்கலயே.

"நான் தமிழ், வீட்டுக்காரர் பர்மாக்காரர். பையனுக்கு எட்டு வயசு. அவனுக்கு ஷின்பியூ பண்ணிப் பாக்கறதுதான் தன் வாழ்க்கையோட லட்சியம்னு மாமியார் சொல்றாங்க. அவனப் பழனிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போடறதா நான் வேண்டியிருக்கேன், எனக்கு அதுதான் லட்சியம். யாரு விட்டுக்குடுக்கணும்?" (பெகு வாசகி)

தங்கச்சி, ரெண்டுலயும் முடி போகப்போகுது, அத முதல்ல பையன்கிட்ட சொல்லிட்டியா?

விளையாட்டுக்குச் சொல்லல. மாமியார் ஏன் துடிக்கிறாங்கன்னு பாரு. ஷின்பியூன்னா பையன ராஜகுமாரன் மாதிரி ஜோடிச்சு, குதிரையிலயோ தோள்லயோ தூக்கிட்டு ஊர்வலம் போய், சித்தார்த்தர் அரண்மனைய விட்டுப் போன மாதிரி முடி எடுத்து, காவி குடுத்து மடத்துல விடறது, பல பேரு ஒரு வாரத்துல திரும்பி வந்துருவாங்க. மழிக்கற முடி கீழ விழாம வெள்ளைத் துணிய விரிச்சுப் பிடிப்பாங்க. அதுல பெத்தவங்களுக்குக் கிடைக்கிற குதோ, அதாவது புண்ணியம், வேற எதுலயும் இல்லன்னு அவங்க நம்பிக்கை. அவங்களுக்கு அதுக்கு மேல நெய்பான்தான், நிர்வாணம், அது எந்த ஜென்மத்துலயோ. கையில எட்டற உயரத்துல இருக்கறது இது ஒண்ணுதான்.

உன் வேண்டுதலுக்கு முருகன் கெடு வச்சிருக்காரா? அவர் காத்திருப்பாரு, கிழவிக்கு வயசாகுது. முதல்ல ஷின்பியூ நடக்கட்டும், அந்தத் துணியோட ஒரு ஓரத்த நீ பிடி. முடி ஒரு வருஷத்துல நல்லா வளந்துரும், பழனிக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போ. வின்ச்ல ஏத்திவிட்டா அவங்களே எல்லாருக்கும் போன் போட்டு பெருமை அடிப்பாங்க பாரு.

"எனக்கு 74 வயசு. அப்பா பொறந்த ஊரு சிவகங்கைப் பக்கம். சாகறதுக்குள்ள அந்த மண்ண மிதிக்கணும், வேற ஒரு லட்சியமும் இல்ல. அங்க யாரையும் தெரியாது, பையன் வீண் செலவுங்கறான். போகலாமா?" (தட்டோன் வாசகர்)

அண்ணே, நான் போய்ட்டு வந்தவன், அதனால இத நீட்டித்தான் எழுதணும்.

நான் போனப்ப பாங்காக் போய் மாறி மெட்ராஸ் எறங்கி, அங்கேர்ந்து ராத்திரி பஸ்ஸு. காரைக்குடி தாண்டறப்ப விடிஞ்சிருச்சு, செட்டியார் வீடுங்க ஒவ்வொண்ணும் தெரு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், உள்ள நிக்கிற தூணெல்லாம் பர்மா தேக்கு. எங்க அப்பாவுக்கு முன்னாடி அந்த மரம் போய் அங்க செட்டிலாயிருச்சு பாருங்க. எங்க ஊர்ல எறங்கினா ஊரே இல்ல, பாதி கருவேலங்காடு. அப்பா சொன்ன ஊருணி இருந்துச்சு, அவர் சொன்ன அளவுல பாதி கூட இல்ல, சின்னப்புள்ளையில பாத்ததுதானே. எங்க வீடு இருந்த இடத்தக் காட்டறேன்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு, அவருக்கும் சரியாத் தெரியல, ரெண்டு இடத்தக் காட்டி "இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்"னாரு. நான் ரெண்டு இடத்துலயும் மண் எடுத்துக்கிட்டேன். ஒரு கிழவி திண்ணையிலேர்ந்து "பர்மாக்காரரா"ன்னு கேட்டுச்சு, எப்படி ஆத்தா கண்டுபிடிச்சேன்னா, "பேச்சு எங்க பேச்சா இருக்கு, ஆனா என் மாமனார் காலத்துப் பேச்சா இருக்கு"ன்னுச்சு. சொம்புல தண்ணி குடுத்துச்சு. அவ்வளவுதான் அண்ணே நடந்தது. அழுகை வரும்னு துண்டெல்லாம் எடுத்து வச்சிருந்தேன், வரல.

அழுதது மெட்ராஸ்லதான். பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார், பக்கத்துல அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், விக்கிற தள்ளுவண்டி, 1964ல பர்மாவிலேர்ந்து கப்பல் ஏறினவங்க குடும்பம். வண்டி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்த பெரியவருகிட்ட பர்மா பாஷையில ஒரு வார்த்தை பேசினேன், மனுஷன் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடல. அவங்க கடைய அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப அவருக்குப் பத்து வயசாம். மொகல் தெரு அப்படியே இருக்கா, ஷ்வேடகோன் பகோடா படிக்கட்டுல பூ விக்கிறாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஒரு தடவ ரங்கூனப் பாத்துட்டுச் செத்தாப் போதும்னாரு. நான் அங்க வந்தது ஊரப் பாக்க. அவரு சாகறதுக்குள்ள பாக்க நினைச்ச ஊரு நான் தினம் காறித் துப்பிட்டு நடக்கற ஊரு.

போங்க அண்ணே, கண்டிப்பா போங்க, உடம்புல தெம்பு இருக்கறப்பவே. பையன்கிட்ட வீண் செலவுதான்னு ஒத்துக்கிட்டே போங்க. ஆனா அங்க யாரோ உங்களுக்காகக் காத்திருக்காங்கன்னு மட்டும் நினைச்சுட்டுப் போகாதீங்க.

"அறம், பொருள், இன்பம், வீடுன்னு நாலும்தான் மனுஷனோட குறிக்கோள்னு பெரியவங்க சொல்றாங்க. எனக்கு நாலாவது மட்டும் போதும், அதுவும் ரெண்டு மாடியில. தப்பா?" (மோல்மேன் வாசகர்)

குசும்பு! வள்ளுவரே 133 அதிகாரம் எழுதி மூணு பாலோட நிறுத்திக்கிட்டாரு, வீட்டுக்குன்னு தனிப் பால் வைக்கல, அதனால நீங்க எந்த வீட்டச் சொன்னாலும் அவரு கோவிக்க மாட்டாரு.

ஆனா எங்க பாட்டி கோவிச்சுக்கும். 1942ல குண்டு விழுந்தப்ப கூட்டம் கூட்டமா மலையும் காடுமா இந்தியாவுக்கு நடந்தாங்களே, அதுல பாட்டியோட அண்ணன் போனவர் போனவர்தான். 1964ல கடைங்க போச்சு, பர்மாக் காசு 50 சாட் 100 சாட் நோட்டு செல்லாமப் போச்சு, சுமார் 3 லட்சம் பேரு கிளம்பிப் போனாங்க. இதெல்லாம் பாத்துட்டு பாட்டி சாகற வரைக்கும் ஒரே பாட்டுதான், "வீடு வாங்காதீங்கடா, நகை வாங்குங்க, ஓடறப்ப வீட்டத் தூக்க முடியாது". அதனால எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா வாடகை வீடு. வீடு வேணும்ங்கறது உங்க லட்சியம், வீடு கூடாதுங்கறது எங்க பாட்டியோட லட்சியம். நான் இப்பத்தான் போன வருஷம் ஒரு சின்ன மனைக்கு அட்வான்ஸ் குடுத்தேன், குடுத்துட்டு வந்து பாட்டி போட்டோவப் பாக்காம நேரா படுக்கப் போயிட்டேன்.

"என் மகளுக்கு ரோஸ் கலர் கார்டு வாங்கிக் குடுத்துட்டா என் ஜென்மம் முடிஞ்சது. நான் வெளிநாட்டார் பதிவுப் பேப்பர வச்சே காலத்த ஓட்டிட்டேன்." (கேள்வி இல்லாம எழுதின ஒரு அப்பா)

கேள்வி இல்லன்னாலும் போடறேன், ஏன்னா இதே கடுதாசிதான் வேற வேற கையெழுத்துல ஒம்பது வந்திருக்கு. வெளியூர் வாசகங்களுக்குச் சொல்றேன், 1982 சட்டப்படி இங்க குடியுரிமை மூணு விதம், முழுக் குடிமகன்னா ரோஸ் கார்டு, இணைக் குடிமகன்னா நீலம், விண்ணப்பிச்சு வாங்கினவங்களுக்குப் பச்சை. நீலம், பச்சை வச்சிருக்கறவங்க வம்சத்துக்கு மூணாவது தலைமுறையில முழுசா கிடைக்கறதுக்குச் சட்டத்துல வழி இருக்கு. ஆனா அதுக்குத் தாத்தா பேப்பர் வேணும், தாத்தா பேப்பர கரையான் தின்னிருக்கும்.

அதனால ஐயா, வீட்ல இருக்கற பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாதீங்க, பொறந்த சர்ட்டிபிகேட்டு, குடும்பப் பட்டியல், பள்ளிக்கூட ரிப்போர்ட்டு, கோயில் ரசீது கூட இருக்கட்டும், எல்லாத்தையும் நாலு காப்பி எடுத்து, ஒரு காப்பிய வேற வீட்ல வைங்க. புரோக்கர் கையில ஒரிஜினல் குடுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படிக் குடுத்துட்டு ஆறு வருஷமா அவன் வீட்டு வாசல்ல நிக்கிறாரு.

"என் ஆறு வயசுப் பையன் பெரியவனானா பஸ்ல ஸ்பேயா, அதான் கண்டக்டர், ஆகணும், அதான் லட்சியம்ங்கறான். டாக்டர்னு சொல்ல வைக்க என்ன பண்ணலாம்?" (ரங்கூன் வாசகி)

அம்மா, 2017ல வைபிஎஸ்னு புது டவுன் பஸ் வந்தப்பவே ரங்கூன்ல டிக்கெட் குடுக்கற ஸ்பேயா போயாச்சு, அப்புறம் காச நாமளே பெட்டியிலதானே போட ஆரம்பிச்சோம். ஆறு வயசுப் பையனுக்கு எங்கேர்ந்து தெரிஞ்சது? தாத்தா கதை சொல்லியிருப்பாரு. கதவுல ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு ஊர்ப் பேரெல்லாம் ராகம் போட்டுக் கத்தற வேலை, எனக்கே அந்த வயசுல அதான் ஆசை, என் பேரனுக்கும் இப்ப அதான். டாக்டர்னு சொல்ல வைக்காதீங்க. ரெண்டு நாற்காலியப் பின்னாடி பின்னாடி போட்டு, நீங்க பாசஞ்சரா உக்காருங்க, எங்க எறங்கணும்னு கேப்பான். சில்லறை சரியா வச்சுக்கங்க, எங்க வீட்டு ஸ்பேயா பாக்கிய திருப்பித் தர்றதே இல்ல.