வாசகர் கேள்வி பதில்: பசிபிக் கரையோரமாக வடக்கே ஒரு மோட்டார்ஹோம் பயணம்

இம்முறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே உறையில் பல கேள்விகள் வந்துள்ளன. தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர், துணைவியார், கல்லூரியில் படிக்கும் பேரன், பக்கத்து வீட்டுத் தம்பதியர் ஆகியோருடன் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் செல்லத் திட்டமிட்டிருக்கிறார். அவருடைய மகள் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பணிபுரிகிறார். ஐவரும் ஆளுக்கொரு கேள்வியாவது எழுதியிருப்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: செப்டம்பர் நடுவில் புறப்படுகிறோம். வாகனம் எங்கள் கையில் பத்து நாள் இருக்கும். சான் டியேகோவில் தொடங்கி சியாட்டல் வரை கடலோரமாகவே செல்ல முடியுமா? சேமநிதிப் பணத்தில் போகிறோம் என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற கிராணி

பதில்: முடியும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா. கடலோரச் சாலைகளையே பிடித்துச் சென்றால் தூரம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை செல்லும் நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப்போல் இது மூன்று மடங்கு. அதுவும் நெடுஞ்சாலையாக இருந்தால் பரவாயில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒற்றைத் தடத்தில் வளைந்து வளைந்து செல்லும் சாலையில், ஏழெட்டு மீட்டர் நீள வாகனத்தை மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினாலே நல்ல வேகம்தான். அப்படியானால் நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓட்டியாக வேண்டும். தண்ணீர் நிரப்புவது, கழிவு இறக்குவது, எண்ணெய் ஊற்றுவது, முகாமில் வாகனத்தைச் சமமாக நிறுத்துவது எல்லாம் அதற்கு மேல். வேண்டிய இடத்தில் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு தேநீர் போட்டுக் குடிப்பதற்காகத்தான் ஒருவர் மோட்டார்ஹோம் எடுக்கிறார். நிற்கவே நேரமில்லை என்றால் அந்தப் பணத்தில் சிறிய காரும் விடுதி அறையும் எடுப்பதே மேல்.

ஆகவே என் ஆலோசனை இது. தென்பகுதியை மகளின் காரில் பாருங்கள். மோட்டார்ஹோமை சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் எடுத்துக்கொண்டு, ஒரேகான் மாநிலத்தின் வடமுனையில் கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் அஸ்டோரியா வரை செல்லுங்கள். அது ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். பத்து நாளுக்குத் தாராளமாகப் போதும். இதில் நீங்கள் இழப்பது, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே முதலாம் எண் நெடுஞ்சாலை செல்லும் பிக் சர் மலைக்கரைப் பகுதியை மோட்டார்ஹோமில் கடக்கும் அனுபவத்தை மட்டுமே. அழகில் அதற்கு ஈடு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மலைச்சரிவால் சாலை மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே இறங்கி வந்து சாலையைப் புதைத்தபோது, அது மீண்டும் திறக்கப்பட 2018 ஜூலை வரை ஆயிற்று. அப்படி மூடியிருக்கும் காலத்தில் பெரிய வாகனத்துடன் வந்த வழியே திரும்புவது வீண் சிரமம். புறப்படுமுன் கலிபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் சாலை அறிவிப்பை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயும் முதலாம் எண் நெடுஞ்சாலை லெக்கட் என்ற சிற்றூர் வரை கரையோரமாகச் சென்று அங்கே 101ஆம் எண் சாலையில் சேர்கிறது. ஆனால் லெக்கட்டுக்கு முந்தைய மலைப்பகுதி கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. சாண்டா ரோசா, யுகாயா வழியாக 101இலேயே செல்லுங்கள். யூரேக்கா வந்ததும் கடல் மீண்டும் கூடவே வரும்.

செலவைப் பற்றி: ஒரு நாள் வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மைல் கணக்குக் கட்டணம், காப்பீடு, பாத்திரம் படுக்கை வாடகை, ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் ஒப்படைப்பதற்கான கட்டணம் ஆகியவை தனித்தனியே சேரும். இத்தகைய வாகனம் நூறு கிலோமீட்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். நம் நாட்டு மானிய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பெருக்கிவிடாதீர்கள். முகாம் இடங்களையும் உடனே பாருங்கள். கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களின் முகாம்களுக்கு ஆறு மாதத்திற்கு முன்பே, அங்குள்ள நேரப்படி காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது. அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது நமக்கு அது இரவு பதினொரு மணி. நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடுகின்றன. இரவில் தங்க இடம் உறுதியானபின் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். மாற்றிச் செய்கிறவர்கள்தான் இருட்டிய பிறகு இடம் தேடி அலைகிறார்கள்.

கேள்வி: கேமரன் மலை ஏறும்போதே எனக்குத் தலை சுற்றும். கடலோரப் பாறை விளிம்பில் வாகனம் போகும் என்கிறார்கள். நான் வருவது சரியா?
— அவருடைய துணைவியார்

பதில்: தாராளமாக வாருங்கள், அம்மா. நீங்கள் வடக்கு நோக்கிச் செல்வது உங்களுக்குச் சாதகம். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. மேற்கே கடல், கிழக்கே மலை. எனவே வடக்கே போகிறவர்கள் மலையை ஒட்டிய தடத்திலும், தெற்கே வருகிறவர்கள் விளிம்பை ஒட்டிய தடத்திலும் இருப்பார்கள். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், வலப்பக்கம் அமரும் உங்களுக்குச் சன்னலோரத்தில் மலைச்சரிவும் மரங்களும்தான் தெரியும். தெற்கு நோக்கிச் சென்றால் கடல் காட்சி தடையின்றிக் கிடைக்கும் என்று பலர் அந்தத் திசையைப் புகழ்வார்கள். உங்கள் நிலையில் அந்தப் புகழ்ச்சியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதில் ஒரு சிரமமும் உண்டு. காட்சி பார்க்க ஒதுங்கும் இடங்கள் பெரும்பாலும் கடல் பக்கம் இருப்பதால், எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கே கடந்து இடப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். வளைவுக்கு அருகில் அப்படித் திரும்பச் சொல்லி ஓட்டுநரை யாரும் வற்புறுத்தாதீர்கள். அடுத்த ஒதுங்குமிடம் சிறிது தூரத்தில் வரும்.

கேள்வி: முப்பது ஆண்டுக்கு மேலாக பள்ளி வேன் ஓட்டியவன் நான். அமெரிக்காவில் ஓட்ட எனக்கு என்ன தேவை?
— பக்கத்து வீட்டுக்காரர்

பதில்: உங்கள் மலேசிய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும்; அதனுடன் ஜே.பி.ஜே. எனப்படும் நம் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் அளவுள்ள மோட்டார்ஹோமுக்குக் கனரக வாகன உரிமம் வேண்டியதில்லை.

உங்கள் அனுபவம் பெரிய பலம். ஆனாலும் முப்பது ஆண்டுப் பழக்கம் இடப்பக்கச் சாலைக்குரியது. எண்ணெய் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும், ஆளில்லாச் சாலையில் காலையில் முதன்முதலாக இறங்கும்போதும் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். அந்த நேரங்களில் பக்கத்தில் இருப்பவர் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஒரு மணி நேரம் பழகியபின் சாலைக்கு வாருங்கள். பின்சக்கரத்திற்குப் பின்னால் உடல் வெகுதூரம் நீண்டிருப்பதால், திரும்பும்போது அந்த வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். வேனில் அது உங்களுக்குப் பழகியிராது. வாகனத்தின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள், ஏனெனில் மூன்றரை மீட்டர் உயரம் என்பது நினைவிலிருந்து எளிதில் நழுவிவிடும். நீண்ட விமானப் பயணம் முடித்து இறங்கிய அன்றே வாகனத்தை எடுக்காதீர்கள்.

சட்டங்களில் சில நமக்குப் புதியவை. கலிபோர்னியாவின் இருவழிச் சாலையில் மெதுவாகச் செல்லும் வாகனத்தின் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் விலகி அவற்றுக்கு வழிவிட வேண்டியது கட்டாயம். நாற்சந்தியில் நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை இருந்தால், அனைவரும் முற்றாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், எதிர்த்திசையில் வருகிறவரும் நிற்க வேண்டும். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்லத் தேவையில்லை. கோல்டன் கேட் பாலத்தில் தெற்கே நகருக்குள் வருகிறவர்களிடம் மட்டுமே கட்டணம் பெறப்படுகிறது. வடக்கே போகும் உங்களுக்கு இல்லை.

கேள்வி: நாங்கள் செல்வது புரட்டாசி மாதம். ஐவரும் சைவம். சோறு சமைக்க மின்சோற்றுப் பானையையும், கறிவேப்பிலையையும் இங்கிருந்தே கொண்டுபோகலாமா?
— பக்கத்து வீட்டுக்காரரின் துணைவியார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

பதில்: இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஆசிரியை அவர்களே. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 240 வோல்ட்டுக்குச் செய்த நம் பானை அதில் போதிய அளவு சூடேறாது. அங்கேயே சிறியதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கலிபோர்னியாவின் கரையோர அரசு முகாம்கள் பலவற்றில் மின் இணைப்பே கிடையாது. வாகனத்தின் ஜெனரேட்டரைக் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரைதான் இயக்க அனுமதி. ஆகவே காலைச் சமையலுக்கு எரிவாயு அடுப்பை நம்புங்கள். மூடி இறுகும் ஒரு சாதாரணப் பானை போதும். ஒரேகான் மாநிலப் பூங்காக்களில் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் உள்ள இடங்கள் நிறைய உண்டு.

பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்கி வளர்கிறது. கலிபோர்னியாவின் தோட்டக்காரர்களுக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. ஒரு தோட்டத்து நோய் எத்தனை குடும்பங்களைப் பாதிக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. பழம், பச்சைக் காய்கறி எதையும் பையில் வைக்காதீர்கள். அரைத்த மசாலைத் தூள்களைக் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாக எடுத்துச் சென்று, உணவுப்பொருள் இருப்பதாகப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள ஃபிரிமாண்ட், சன்னிவேல் நகரங்களில் இந்தியக் கடைகள் பல உள்ளன. பொன்னி அரிசி, பருப்பு, கறிவேப்பிலை அனைத்தையும் அங்கே வாங்கி நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள், வடக்கே போகப் போக அவை கிடைப்பது அரிது.

புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேற்கே, மாலிபு கடற்கரைக்கு உள்ளே கலாபாசாஸ் குன்றுகளில் வெங்கடேஸ்வரருக்கு நம் மரபுப்படி கோபுரத்துடன் எழுப்பிய கோயில் 1981 முதல் இருக்கிறது. மகளின் காரில் தென்பகுதியைப் பார்க்கும் நாள்களில் ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: வழியில் திமிங்கிலம் பார்க்கலாமா? கடலில் குளிக்கலாமா?
— பேரன்

பதில்: சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவின் பாகா கடற்கழிகளிலிருந்து ஆர்க்டிக் கடல் வரை வடக்கே செல்வது பிப்ரவரி முதல் மே வரை, அதை நீங்கள் தவறவிடுகிறீர்கள், தம்பி. ஆனால் அவற்றில் ஒரு கூட்டம் ஆர்க்டிக் வரை போகாமல் கோடை முழுவதும் இந்தக் கரையிலேயே இரைதேடித் தங்கிவிடுகிறது. ஒரேகானின் டெப்போ பே சிற்றூரில் மாநிலப் பூங்காத் துறை நடத்தும் திமிங்கிலப் பார்வை மையம் இருக்கிறது. செப்டம்பரில் அங்கே கரையில் நின்றபடியே அவை நீரைப் பீச்சுவதைப் பார்க்க நல்ல வாய்ப்புண்டு.

குளிப்பதை மறந்துவிடுங்கள். பங்கோர் கடலைப்போல் நினைத்து இறங்கினால், பத்துப் பதின்மூன்று பாகை வெப்பமுள்ள நீர் சில நிமிடங்களில் கைகால்களை மரக்கச் செய்துவிடும். அதைவிட ஆபத்து, அமைதியாக இருக்கும்போதே திடீரென்று மணலில் வெகுதூரம் ஏறிவரும் தனிப் பேரலைகள். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளை அந்த அலை புரட்டும்போது அவற்றில் அமர்ந்திருப்பவர்கள் நசுங்கி இறந்திருக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். பாட்டியையும் கட்டைமேல் உட்காரவிடாதீர்கள். சுனாமி வெளியேற்ற வழிப் பலகை எங்கே என்று ஒவ்வொரு முகாமிலும் முதலில் பார்த்து வைப்பது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

கடலுக்கு ஈடாக உங்களுக்கு ரெட்வுட் காடு இருக்கிறது. 101ஆம் சாலைக்கு இணையாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீளும் "அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்" வழியில் கட்டாயம் செல்லுங்கள். உலகின் மிக உயரமான மரங்கள் இவை. 1968இல் அமைந்த ரெட்வுட் தேசியப் பூங்காவில் 115 மீட்டரைத் தாண்டிய மரம் ஒன்று நிற்கிறது. சில மரங்களின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்தைப் பார்த்தே மிகப் பழையது என்று வியக்கும் நமக்கு, இந்த மரங்களின் நடுவே பேச்சு வராது. மழையில்லாத கோடையில் கடற்பனி இலைகளில் படிந்து சொட்டிச் சொட்டித்தான் இவற்றின் வேருக்கு ஈரம் கிடைக்கிறது. ஆகவே காலையில் மூடுபனி கடலை மறைத்தால் சலித்துக்கொள்ளாமல் மரக்காட்டுக்குள் போங்கள். பெரும்பாலும் பிற்பகலுக்குள் கடல் தெரியும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறைக் கழிவை யார் அகற்றுவது? சியாட்டலோ, கனடாவோ போகாமல் வழியிலேயே முடித்தால் வாகனத்தை எங்கே ஒப்படைப்பது?
— மீண்டும் கிராணி

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, நீங்கள்தான் அகற்ற வேண்டும். முகாம்கள் பலவற்றில் அதற்கென்று இறக்குமிடம் இருக்கும். கையுறை அணிந்து குழாயைப் பொருத்தி, வாகனத்தின் கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிடுங்கள். அது காலியானபின் குளியல், பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். இரண்டு நாளுக்கொரு முறை செய்தால் ஐந்து பேருக்குச் சிக்கல் வராது. சாலையோரத்தில் ஒரு சொட்டும் விடக்கூடாது.

கனடாவுக்குத் தனி அனுமதி வேண்டும். வாடகை நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். பத்து நாளில் அதை நினைக்க வேண்டாம். அஸ்டோரியாவில் 1966இல் திறந்த ஆறரைக் கிலோமீட்டர் பாலத்தில் கொலம்பியா ஆற்றைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்தைத் தொட்டுத் திரும்புங்கள். பிறகு அங்கிருந்து சுமார் 155 கிலோமீட்டரில் உள்ள போர்ட்லாந்தில் வாகனத்தை ஒப்படைக்கலாம். அங்கே கிளை உள்ள நிறுவனத்திடம் எடுத்தால்தான் இது நடக்கும் என்பதால், முன்பணம் கட்டுமுன் ஒப்படைக்கும் ஊரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரேகானில் விற்பனை வரி இல்லை. பேரனுக்குக் குளிர்ச்சட்டை வாங்குவதாக இருந்தால் அந்த மாநிலம் வரும்வரை பொறுத்திருங்கள்.